பாட்டியின் தொழில் என்ன?

என் பாட்டி 2024-ஆம் ஆண்டில் தமது 92-ஆம் அகவையில் இயற்கை எய்தினார். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடைப்பாட்டி என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். இயற்பெயரைச் சொன்னால் அடுத்த வரிசையில் இருப்பவருக்குக்கூட யாரென்று விளங்காது. 1954 முதல் 2021 வரை, அதாவது 67 ஆண்டுகள், அவர் ஒரே மளிகைக் கடையில் நின்றவர்.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்ததும் உறவினர் ஒருவர் எழுந்து பாட்டியின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். நாளிதழில் வந்த இரங்கல் அறிவிப்பைச் சற்று விரித்து எழுதிய தாள் அது. "அன்னார் சிறந்த இல்லத்தரசியாக விளங்கி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார்" என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். கடையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. "அன்னாரின் கணவர் நடத்திய கடை" என்று அது வந்தது. தாத்தா காலமானது 1977-இல். அதன் பின் 44 ஆண்டுகள் அந்தக் கடையை நடத்தியது யார் என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை யார் மீதும் காட்ட முடியவில்லை. ஏனென்றால், பாட்டிக்கு அந்தப் பெயரை முதன்முதலில் எழுத்தில் கொடுத்தவள் நான்தான்.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு 2016-இல் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். அப்பாவும் அம்மாவும் ஈப்போவில் வேலை செய்ததால், பதிவு நாளன்று பாட்டிதான் என்னை அழைத்துச் சென்றார். கடையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பாரத்தில் பாதுகாவலரின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. பாட்டிக்கு மலாய் நன்றாகப் பேச வரும், எழுத வராது. நான்தான் நிரப்பினேன். எனக்கு முன்னால் இருந்த மாணவியின் தாளில் ஆசிரியர் என்றிருந்தது. பக்கத்தில் இருந்தவளின் தாளில் தாதி என்றிருந்தது. கடைக்காரருக்கு 'பெக்கெடாய்' என்று மலாயில் எழுதலாம் என எனக்குத் தெரியும். தெரிந்தும் 'சூரி ரூமா', அதாவது இல்லத்தரசி என்று எழுதினேன்.

"என்னாம்மா எழுதின?" என்று பாட்டி கேட்டார்.

"உங்க பேருதான் பாட்டி" என்றேன்.

வெட்கம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிய பள்ளியில், புதிய பிள்ளைகள் நடுவில், பழைய கடையும் மண்ணெண்ணெய் வாடையும் என்னோடு வந்து நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. கடையின் உரிமம் பெரிய மாமாவின் பெயரில் இருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்தத் தாளைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். கடை மாமாவுடையது, பாட்டி 'பார்த்துக்கொள்கிறார்' என்றே எண்ணியிருந்தேன். மாமா ஈப்போவில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கடையில் ஒரு நாளும் நின்று நான் கண்டதில்லை.

அப்படியானால் பாட்டி என்னதான் செய்தார்? இல்லத்தரசி என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மறைந்து போகிறது என்பதைக் காட்டச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இதை நாம் எல்லாரும் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அப்போது பாட்டிக்கு 16 வயது. தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். 1951-இல் திருமணம் ஆயிற்று. 1954-இல் தாத்தா பட்டணத்தில் கடை வைத்தார். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. டின்னில் அடைத்த உணவைக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆகவே பாட்டி கடையில் செய்த முதல் வேலை ஆணியும் சுத்தியலும் எடுத்து டின்னில் ஓட்டை போட்டது.

"ஓட்ட போட்ட சார்டினு அன்னைக்கே தீந்தாவணும். சின்னக் குடும்பமா இருந்தா ரெண்டு வீட்டுக்கு ஒரு டின்னுன்னு நான்தான் பேசி முடிச்சி வைப்பேன்" என்று சொல்வார். யார் வீட்டில் எத்தனை பேர், யாரும் யாரும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று.

கட்டியும் தாயிலும் அவருடைய முதல் எடைகள். 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பிறகு கிலோகிராம் வந்தது. ஒரு கட்டி என்பது 600 கிராமுக்குச் சற்று மேல். வாடிக்கையாளர் கட்டியில் கேட்பார். தராசில் கிலோ இருக்கும். விலையை மனத்திலேயே மாற்றிச் சொல்வார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவர் அவர். 2015 ஏப்ரலில் ஆறு விழுக்காடு பொருள் சேவை வரி வந்தபோது அவருக்கு 83 வயது. ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் வெள்ளிக்குக் குறைவான கடைகள் அவ்வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் மொத்த வியாபாரி அனுப்பிய பில்லில் வரி இருந்தது. ஒவ்வொரு பொருளாக எடுத்து, எதில் ஏற்றுவது, எதில் தாமே தாங்கிக்கொள்வது என்று இரண்டு இரவு உட்கார்ந்து முடிவு செய்தார். ஆறாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் இருந்து விழுக்காட்டுக் கணக்குப் போட்டேன். பிள்ளைகளுக்கான பால்மாவில் ஏற்றவில்லை. சிகரெட்டில் ஏற்றினார். 2018 ஜூனில் அந்த வரி பூச்சியமாக்கப்பட்டதும் ஏற்றியதை இறக்கினார்.

கடன் புத்தகத்தைச் சொல்லாமல் எந்தக் கடைக் கதையும் முடியாது. அட்டையில் 555 என்று போட்ட கையடக்கப் புத்தகம் நம் நாட்டில் எல்லா இனத்தாருக்கும் தெரிந்ததே. பாட்டியின் கடையில் அவை கயிற்றில் கோத்துத் தொங்கும். உள்ளே தமிழில் எழுதியிருப்பார். ஆனால் யாருடைய பெயரும் இராது. "மேட்டு லயம் உயரமானவர்", "இரட்டைப் பிள்ளை அம்மா", "பச்சை மோட்டார்" என்றுதான் இருக்கும். சிறுமியாக இருந்தபோது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பாட்டிக்குப் பெயரை எழுதத் தெரியவில்லை என்றுகூட நினைத்தேன். ஒரு முறை கேட்டபோது, "கடைக்கு நாலு பேரு வராங்க. புத்தகம் தொறந்து கெடக்கும். யாரு எவ்ளோ பாக்கின்னு அடுத்தவன் ஏன் படிக்கணும்?" என்றார்.

இப்போது நான் கணக்கியல் படிக்கிறேன். ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் முறையைப் பற்றி ஒரு விரிவுரை நடந்தது. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியும் அதன் நிறுவனர் முகமது யூனுசும் 2006-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது பற்றி விரிவுரையாளர் சொன்னார். எல்லாரும் குறிப்பெடுத்தோம். எனக்கு மட்டும் கயிற்றில் தொங்கிய புத்தகங்கள் கண்ணுக்குள் வந்தன. பால்மரத் தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. மழை மாதங்களில் புத்தகங்கள் கனக்கும். மொத்த வியாபாரி பாட்டிக்குக் கொடுத்த தவணையோ மழையைப் பார்ப்பதில்லை. இடையில் விழும் பள்ளத்தை நிரப்பப் பாட்டியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும், சம்பள நாளுக்குப் பின் திரும்பி வரும். பாடநூலில் இதற்கு நடைமுறை மூலதன நிர்வாகம் என்று பெயர். நாம் இதை வீட்டு வேலை என்று எழுதியிருக்கிறோம்.

திரும்பி வராத கடனும் உண்டு. 1969 மே கலவரத்திற்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல்லாண்டுகள் தோட்டங்களில் உழைத்தும் சிவப்பு அடையாளக் கார்டே வைத்திருந்த நம்மவர்கள் வேலை இழந்தார்கள். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவிற்குத் திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறுவதற்குமுன் கடைக்கு வந்திருக்கிறார்கள். கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள். ஒரு குடும்பம் கட்ட முடியாமல் ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து வைத்தது. பாட்டி வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அம்மாள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அண்டாவை பாட்டி விற்கவும் இல்லை, அதில் சமைக்கவும் இல்லை. மாதம் ஒரு முறை புளி போட்டுத் துலக்கி மீண்டும் பரண்மேல் வைப்பார். "ஆளு வந்தா கொடுக்கணும்ல" என்பார். 55 ஆண்டுகள் அவ்வாறு வைத்திருந்தார். இன்று அது எங்கள் வீட்டில் இருக்கிறது.

வாசகர்களே, நான் பாட்டியைத் தெய்வமாக்க இதை எழுதவில்லை. கடன் கொடுக்கும் கடை என்றால் எல்லாமே அன்பு அல்ல. ரொக்கத்திற்கு ஒரு விலையும் கடனுக்கு ஐந்து காசு கூடுதலான விலையும் பாட்டியின் கடையில் சில பொருள்களுக்கு உண்டு. தோட்டத் தொழிலாளரைக் கடனிலேயே கட்டிப்போட்ட கடைகளும் இந்நாட்டில் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது சொல்லக் கசப்பானது. பாட்டியின் மூத்த மகள், என் பெரியம்மா, 1965-இல் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டார். கடைக்கு ஆள் வேண்டும் என்பதே காரணம். அவருக்குப் பின் பிறந்த மாமாக்கள் ஐந்தாம் படிவம் வரை படித்தார்கள். பெரியம்மா கல்யாணம் செய்துகொண்டு அடுத்த வரிசையிலேயே குடியிருந்து, கடை மூடும் நாள்வரை அங்கேயே நின்றார். 56 ஆண்டுகள்.

என் கருத்து இங்கேதான் தொடங்குகிறது. நம் சமுதாயத்தின் வரலாற்றை நாம் மேடையில் சொல்லும்போது தோட்டத்தில் தொடங்குகிறோம், பட்டமளிப்பு மண்டபத்தில் முடிக்கிறோம். நடுவில் கடையில் நின்ற பெண்ணைக் காணோம். கடை யார் பெயரில் இருக்கிறதோ அவரே வணிகர். கல்லாவில் நிற்பவர் இல்லத்தரசி. இந்தப் பழக்கத்தை நாம் அரசின்மீதோ பிற இனத்தார்மீதோ சுமத்த முடியாது. நம் நாட்டுப் புள்ளியியல் துறையின் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஊதியம் பெறாத குடும்பத் தொழிலாளர் என்று ஒரு பிரிவே உண்டு. குடும்பக் கடையில் சம்பளமின்றி உழைப்பவரை வேலையில் இருப்பவராகவே அது கணக்கிடுகிறது. அரசாங்கப் பாரத்தில் இருக்கும் கட்டம் நம் இரங்கல் அறிவிப்பில் இல்லை. நம் வாயில் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது, செய்த வேலை ஊருக்குத் தெரியாதா என்று சிலர் கேட்கலாம். என் உறவினர்களும் கேட்டார்கள். பெயரில் பணம் இருக்கிறது என்பதுதான் என் பதில். ஊழியர் சேமநிதி 1951 முதல் இந்நாட்டில் இருக்கிறது. பெரிய மாமா கிராணி என்பதால் அவருக்குச் சேமநிதி இருந்தது. ஓய்வு பெற்றபோது அதை எடுத்து வீட்டைப் புதுப்பித்தார். அவரைவிட இளவயதில் வேலையைத் தொடங்கி, அவரைவிட அதிக ஆண்டுகள் வேலை செய்த பெரியம்மாவிடம் ஒரு கணக்கு எண்கூட இல்லை. அவர் யாரிடமும் வேலை செய்யவில்லை, 'வீட்டில்' இருந்தார். 2021-இல் கடையை மூடியபோது, சாமான்களை விற்று வந்த தொகை உரிமம் யார் பெயரில் இருந்ததோ அவர் கைக்குப் போனது. மாமா நல்லவர். பெரியம்மாவுக்கும் கொடுத்தார். ஆனால் கொடுத்தது மாமா என்றும் வாங்கிக்கொண்டது பெரியம்மா என்றும் ஆயிற்று. உழைத்தவர் தம் பங்கை உதவியாகப் பெற நேர்ந்தது எதனால்? எழுதாமல் விட்ட ஒரு பெயரால்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இவ்விதழின் வாயிலாக முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் வீடுகளில் இன்று கடையிலோ உணவங்காடியிலோ பூக்கடையிலோ நிற்கும் அம்மாக்களைப் பற்றியது. வணிகப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இந்த விடுமுறையில் கேளுங்கள். பங்குதாரராக அம்மாவின் பெயரையும் பதிவில் சேர்க்க முடியும். சுயதொழில் செய்வோர் சேமநிதியில் விருப்பச் சந்தா செலுத்தவும் இன்று வழி இருக்கிறது. வீட்டில் இதைப் பேசத் தொடங்கினால் முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். நானும் பேசிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, முன்னாள் மாணவர்களுக்கு. நீங்கள் இவ்விதழில் எழுதும் மலரும் நினைவுகளில் "ஏழைக் குடும்பத்தில் பிறந்து" என்று ஒரு தொடர் அடிக்கடி வருகிறது. அந்தக் குடும்பத்தில் யார் என்ன தொழில் செய்து உங்களைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். இடியாப்பம் விற்றார் என்றால் இடியாப்பம் விற்றார் என்றே எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், மாவு எங்கே வாங்கினார் என்றும் எழுதினால் எங்களுக்குப் பயன்படும்.

மூன்றாவது, நம் கழகத்திற்கு. ஆண்டுதோறும் கவிதைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறோம். நடத்தத்தான் வேண்டும். அதோடு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் கடை நடத்திய ஒரு பெண்ணைச் சந்தித்து, அவர் சொல்வதை அவர் தமிழிலேயே பதிவு செய்து வரலாமே. பாட்டியின் 555 புத்தகங்களில் மிஞ்சியவை ஒன்பது. அவற்றில் எந்த அணியும் இல்லை, எதுகை மோனை இல்லை. ஆனால் 60 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பட்டணம் எதைத் தின்றது, எந்த மாதம் பட்டினி கிடந்தது என்பது தமிழில் எழுதியிருக்கிறது. இதுவும் மலேசியத் தமிழ் எழுத்துதான் என்பது என் துணிபு.

இந்தக் கட்டுரைக்காக முதலில் நானே தொடங்க வேண்டும் என்று, சென்ற விடுமுறையில் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு இப்போது 72 வயது. கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, முதல் கேள்வியாகப் பெயரையும் வயதையும் கேட்டேன். சொன்னார். இரண்டாவதாகத் தொழிலைக் கேட்டேன்.

"எனக்கென்னாம்மா தொழிலு? சும்மா கடையில இருந்தேன்" என்றார்.

இம்முறை 'கடைக்காரர், 56 ஆண்டுகள்' என்று எழுதினேன். "என்னா எழுதின?" என்று அவரும் கேட்டார். எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்பத்தாறா? அம்பத்தஞ்சுதான் இருக்கும். பெரியவன் பொறந்தப்ப ஒரு வருசம் நான் போகல" என்று கணக்கைத் திருத்தினார்.

55 ஆண்டுகள் என்று திருத்தி எழுதிக்கொண்டேன்.